தூளியில் ஒரு பேரம்

தலையணை இல்லை கண்ணு, போர்வை. தொட்டுப் பார். நான்தான் கடிப்பேன், இது கடிக்காது. கையில் தூக்கு. கனமே இல்லை, பார்த்தாயா? உள்ளே இருப்பது பஞ்சு இல்லை. வாத்துடைய நெஞ்சுத் தூவி. இறகுக்கும் அடியில் புகை மாதிரி ஒட்டியிருக்குமே, அது. இந்தச் சின்னப் பைக்குள் முழுப் போர்வையும் சுருண்டு கிடக்கிறது. வெளியே எடுத்தால் உன்னையும் மூடும், என்னையும் மூடும், அதோ அந்தக் கண்டக்டரின் தொப்பையையும் மூடும்.

மே மாதத்தில் போர்வையோடு பஸ் ஏறுகிற கிழவிக்கு எந்த நட்டு கழன்றிருக்கும் என்று யோசிக்கிறாய். யோசி. நேற்று நானும் அப்படித்தான் சிரித்தேன். இன்றைக்குச் சிரிக்கவில்லை. அதற்காக யாரிடமோ தோற்றுவிட்டு மலையிறங்குகிறேன் என்று நினைத்துவிடாதே. ஜெயித்துவிட்டு இறங்குகிறேன்.

என் பெயர் மாராத்தாள். திருப்பூரில் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, சாயம் தப்பியது, தையல் கோணினது, எல்லாவற்றையும் லாட்டாக வாங்கி விற்பேன். கடைக்குப் போர்டு கிடையாது. மாராக்கா கடை என்றால் ஆட்டோக்காரன் கொண்டுவந்து விடுவான். நாளைக்குக் காலையில் அந்தக் கடையின் ஷட்டரை நான் தூக்குவேன். இனிமேல் தூக்கலாமா கூடாதா என்பதுதான் நேற்று பூம்பாறைப் பக்கம் நடந்த வழக்கு. தீர்ப்பு என் பக்கம்.

அந்தக் கடை எனக்கு யாரும் வைத்துக் கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் சட்டை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு மூட்டை பனியன். பிளாட்பாரத்தில் விரித்தேன். போலீஸ்காரன் லத்தியால் மூட்டையைப் புரட்டினான், மழை வந்து நனைத்தது, பக்கத்துக் கடைக்காரன் என் துணிமேல் வெற்றிலை துப்பினான். அவன் சட்டையைப் பிடித்து, துப்பின பனியனை அவனுக்கே விற்றேன். நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். எவன் என்ன விலை சொன்னாலும் முதலில் வாயில் வரவேண்டியது, ‘ஏன்?’ என்கிற கேள்வி. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பையனை இன்ஜினியர் ஆக்கினேன்.

பையன் யுகேந்திரன். பெங்களூரில் இருக்கிறான். பெனிட்டா என்று நாகர்கோவில் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு பேசினேன். இப்போது அந்தப் பெண் என்னிடம் தினம் போன் பேசுகிறாள், அவன் எப்போதாவதுதான். அது வேறு கதை.

போன ஐப்பசியில் கடையில் இறுக்கிக் கட்டின துணிப் பேல் ஒன்று சரிந்து என் தொடைமேல் விழுந்தது. எலும்பு போய், உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது வினை. கடையைக் காலி பண்ணு, பெங்களூர் வா. போனில் இரண்டு பேரும் அதே பாட்டு. இந்த மாதம், ‘அம்மா, எங்களுக்கு லீவு, கொடைக்கானல் போலாம், நீயும் வா’ என்றான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? லாட் கொடுக்கிறவன் டீ வாங்கிக் கொடுத்தால், துணியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். வருகிறேன் என்று சொன்னேன். ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டாமா?

பூம்பாறைக்கு முன்னால் ஒரு பேரிக்காய்த் தோட்டம். அதற்குள் கேம்பிங் என்று வைத்திருக்கிறான் ஒருவன். கூடாரம் இருக்கிறது, சமையல் கொட்டகை இருக்கிறது, கட்டில் போட்ட ஒரே ஓர் அறை இருக்கிறது. அந்த அறை எனக்கு என்று பெனிட்டா சொல்லி வைத்திருந்தாள். நான் வாடகையைக் கேட்டேன். கேட்டது தப்பா?

“ஏம்ப்பா, கட்டிலுக்கு வாடகையா, இல்ல கட்டிலையே எழுதிக் குடுக்கறயா?”

“சீசன்மா இது.”

“உன்ற சீசன் என்னைப் பார்த்தாத்தான் வருமா? பாதி பண்ணு.”

“முடியாதுமா.”

“அப்ப வேண்டாம் போ.”

திரும்பி நடந்தேன். எங்கள் ஊரில் அதுதான் முறை. நடக்க வேண்டும், கூப்பிடுவான். கூப்பிடவில்லையென்றால் கொஞ்சம் மெதுவாக நடக்க வேண்டும். அப்போதும் கூப்பிடவில்லையென்றால் செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரி குனிய வேண்டும். நான் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால், பின்னால் வந்த மதுரைக் குடும்பம் சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குள் பெட்டியை வைக்கிறது! மலையில் பேரம் தெரிந்த மனுஷனே கிடையாதா கண்ணு? ஒரு வார்த்தை, ‘வாங்கம்மா’ என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

யுகேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டான். “அம்மா, நாங்க ரெண்டு பேரும் தூளியில படுக்கறதா இருந்தோம். இப்ப நீ எங்க படுப்ப?”

தூளி என்றால், குழந்தைக்குக் கட்டுவோமே, அதே மாதிரி. பாராசூட் துணி, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டுவது. பெரியவர்கள் போய்ப் படுக்கிறார்களாம், அதற்கு லீவு போட்டுக்கொண்டு வருகிறார்களாம். மூன்று தூளி வைத்திருந்தார்கள். ஒன்று சாமான் போட்டுவைக்க.

“அந்த மூணாவதுல நான் படுக்கறேன்” என்றேன்.

“கால்ல கம்பியோடயா? அத்தே, நீங்க டெண்டுக்குள்ள படுங்க” என்றாள் பெனிட்டா.

“நான் பிளாட்பாரத்துல படுத்தவ. எனக்குத் தூளி பட்டு மெத்தை.”

பிறகுதான் இந்தப் போர்வை வந்தது. ஆளுக்கு ஒன்று வாங்கி வந்திருந்தாள். நான் சிரித்த சிரிப்பில் அந்த மதுரைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் வாத்துப் போர்வை! ஆனால் சரக்கு என்று வந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. துணியைத் தேய்த்துப் பார்த்தேன், உள்ளங்கையில் வைத்து அமுக்கிவிட்டேன். மூச்சு விட்ட மாதிரி எழும்பி வந்தது. தையலில் ஒரு குறை இல்லை. நாலு மூலையிலும் காது மாதிரி ஒரு வளையம்.

“இதெதுக்கு?”

“கட்டுகதுக்கு அத்தே. தூளிக்கு அடியிலயும் சிலபேர் கட்டுவாங்க. காத்து கீழ வழியா போவும்லா. நீங்க இத மேல போத்திக்கிடுங்க, அடியில இந்த ஸ்பாஞ்ச் பாயைப் போட்டுக்கிடுங்க. போர்வையை மட்டும் அடியில போட்டுப் படுத்துராதீங்க. நம்ம கனத்துல தூவி நசுங்கிச்சுன்னா சூடு நிக்காது, பாத்துக்கிடுங்க.”

அவள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘பாத்துக்கிடுங்க’ உண்டு. அந்த ஸ்பாஞ்ச் பாயை நான் பார்த்தேன். டிவி பெட்டிக்குள் சுற்றி வருமே, அதுதான். எனக்கே பேக்கிங் சரக்கைப் படுக்கையாக விற்கிறாள்! வேண்டாம் என்று தூக்கிப் போட்டேன்.

சாயங்காலம், அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சப்பாத்தி தின்கிறபோது யுகேந்திரன் ஆரம்பித்தான். எதிர்பார்த்ததுதான்.

“அம்மா, ஆடிக்குள்ள கடையை முடிச்சிரலாம். சரக்கை யாருக்காவது மொத்தமா தள்ளிவிட்டுரு.”

“உன்னையும் அப்படித்தான் யாருக்காவது தள்ளிவிட்டிருக்கணும்.”

“இன்னொரு பேல் விழுந்தா? யாரு பாக்கறது?”

“விழட்டும். என்ற பேல், என்ற கால்.”

அவன் எழுந்து போய்விட்டான். கோபத்தில் என்னைக் கொண்டிருக்கிறான், அது மட்டும் என் ஜாடை. பெனிட்டா மட்டும் உட்கார்ந்திருந்தாள். தணலைக் குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னாள்: “அத்தே, ஒரு பேரம்.”

பேரமா! எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது.

“ராத்திரி முழுக்க நீங்க தூளியில படுக்கணும். விடியிற வரைக்கும் இறங்கக்கூடாது, குளிருதுன்னு யாரையும் கூப்பிடக்கூடாது. படுத்துட்டீங்கன்னா கடையைப் பத்தி நாங்க வாயத் திறக்க மாட்டோம். இறங்கிட்டீங்கன்னா ஆடியில பெங்களூர்.”

“எத்தனை நாளைக்கு வாயத் திறக்க மாட்டீங்க?”

“ஒரு வருஷம்.”

“ஏன்?” என்றேன். “ஒரு வருஷத்துக்குப் பாதி ராத்திரி படுக்கறேன், போதுமா?”

“மூணு வருஷம்.”

“இந்தக் கையால ஷட்டரைத் தூக்க முடியற வரைக்கும்.”

அவள் கையிலிருந்த குச்சியைத் தணலில் போட்டாள். “உங்க கையால. வேற ஆள் தூக்கினா கணக்குல இல்ல.”

“சரி.”

“சரி அத்தே.”

கை நீட்டினேன், அவளும் நீட்டினாள். அதன்மேல் என் முந்தானையைப் போட்டு, விரலைப் பிடித்து முடித்தேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விலை பேசுகிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பில்லை. என் கடை அந்தத் துணிக்கடியில் இருந்தது.

தூளியில் ஏறுவது இருக்கிறதே, அதை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. ஏறினேன். அவ்வளவுதான். அவள் சொன்னதற்கு எதிராகப் போர்வையை மெத்தை மாதிரி அடியில் போட்டு, மேலே என் நூல் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டேன். ஆயுசு முழுக்கத் துணியில் புரண்டவளுக்கு எதை அடியில் போட வேண்டும், எதை மேலே போட வேண்டும் என்று நாகர்கோவில் சொல்லித் தர வேண்டுமா?

கொஞ்ச நேரம் சுகம். அப்புறம் முதுகில் ஒரு ஜில்லிப்பு. யாரோ ஈரத்துணியால் ஒத்துகிற மாதிரி. அடியில் கிடந்த போர்வை அப்பளமாகத் தட்டையாகிவிட்டது. சரி என்று அதை உருவி மேலே போட்டேன். மேலே அடுப்பு, கீழே ஐஸ்கட்டி. கட்டிலில் படுத்தால் கீழே கட்டில் இருக்கிறது, தரையில் படுத்தால் தரை இருக்கிறது. தூளிக்குக் கீழே என்ன இருக்கிறது? காற்று! இந்த மலையில் இருக்கிற காற்று முழுவதும் என் முதுகுக்குக் கீழேதான் ரோடு போட்டிருந்தது. கம்பி வைத்த தொடை விண் விண் என்று தெறிக்கிறது. அந்த ஸ்பாஞ்ச் பாய் கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது. இறங்கினால்தான் எடுக்கலாம். இறங்கினால் கடை போயிற்று.

முந்தானை முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பல் தந்தியடிக்கிற சத்தம் அந்தப் பக்கத்துத் தூளிக்குக் கேட்டுவிடக்கூடாதே. கொஞ்சம் முனகியிருப்பேன். கூப்பிடவில்லை. முனகுவது கூப்பிடுவது ஆகாது, நம் பேச்சில் அது இல்லை.

அப்போதுதான் கண்ணு, அது வந்தது. நம்பமாட்டாய். காட்டெருமை! சருகு மிதிபடுகிற சத்தம். கிட்டே வந்தது. தூளி லேசாக ஆடியது. தலைமாட்டில் ஒரு இழுப்பு, கால்மாட்டில் ஒரு இழுப்பு. அடியில் உரசிக்கொண்டு நின்றது. நான் கண்ணைத் திறப்பேனா? மூச்சையே நிறுத்தி, மாரியாத்தா மாரியாத்தா என்று கிடந்தேன். ஒரு நிமிஷமோ என்னவோ, போய்விட்டது.

ஆனால் என்ன அதிசயம் தெரியுமா? அதற்கப்புறம் குளிரவே இல்லை. முதுகு கதகதவென்று ஆகிவிட்டது. தொடை வலி அடங்கிப்போயிற்று. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இது பயத்தில் ஏறுகிற சூடு. பயமும் பிடிவாதமும் சேர்ந்தால் மனுஷ உடம்பு கொதிக்கும். பெங்களூர்க்காரர்கள் இதைப் புத்தகத்தில் படித்திருக்க முடியாது. நிம்மதியாகத் தூங்கினேன். குருவி கத்தித்தான் விழித்தேன்.

விழித்தால், பெனிட்டா அடுப்படியில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து தும்முகிறாள். மூக்கு மிளகாய்ப்பழம். யுகேந்திரன் தன் தூளியில் குறட்டை.

“என்னாடி, உன்ற போர்வை என்னாச்சு? வாங்கினது போத்திக்கத்தானே?”

“பையில வச்சாச்சு அத்தே. தூக்கம் வரல, சும்மா எழும்பி இருந்தேன்.”

பார்த்தாயா, படித்த பிள்ளைகளுக்கு வாங்கத் தெரிகிறது, போர்த்தத் தெரியவில்லை. நல்ல சரக்கைப் பையில் வைத்துவிட்டு மழைக்கோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளிடம் அதைச் சொன்னேன், சொல்லாமல் விடுவேனா? அவள் சிரித்துக்கொண்டே டீயை நீட்டினாள். “நீங்க ஜெயிச்சுட்டீங்க” என்றாள். யுகேந்திரன் எழுந்து வந்ததும் அவனிடமும் அவளே சொன்னாள்: “இனி கடையைப் பத்தி அத்தேகிட்ட பேசப்பிடாது. வாக்குக் குடுத்தாச்சு.” அவன் அவளை முறைத்தான், அவள் இவனை முறைத்தாள். எனக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

அவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் லீவு பாக்கி. நான் இருக்கவில்லை. கடை இருக்கிறதே! கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார்கள். இந்தப் போர்வையை அவள்தான் மடியில் வைத்தாள், ஜெயித்ததற்குப் பரிசு என்று. பஸ் நகர்கிறபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “அத்தே, அதுக்கப்புறம் முதுகு குளிரலைல்லா?” என்றாள். “எனக்கா? முதுகா?” என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

என்ன சிரிக்கிறாய்? இங்கே சிரிக்க என்ன இருக்கிறது?

ஓ, நீ மன்னவனூர்ப் பெண்ணா. பழனியில் மருந்துக்கடையில் வேலையா. சரி. காட்டெருமையைப் பார்த்தே வளர்ந்திருப்பாய். அதற்கு என்ன? உரசாதா? ஏன் உரசாது? தூளியில் அது உரசினால் தூளியும் இருக்காது, நானும் இருக்கமாட்டேனா? மூசுமூசென்று மூச்சு விடுமா? மூச்சுச் சத்தம்... பெரிதாக ஒன்றும் இல்லை. வாசனையா? ஆமாம், வாசனை வந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாணி நாற்றமா? இல்லையே. அது வந்து...

தேங்காயெண்ணெய் வாசனை.

...

இரு. பேசாதே. கொஞ்சம் இரு.

தலைமாட்டில் ஒரு இழுப்பு, கால்மாட்டில் ஒரு இழுப்பு. நாலு மூலைக்கும் வளையம். ‘அதுக்கப்புறம்’ என்றாளே. எதற்கப்புறம்? நான் அவளிடம் முதுகு குளிர்ந்தது என்று சொல்லவே இல்லையே! காட்டெருமை கதையைக்கூட உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அடி பாவி பெனிட்டா! அவள் தலையில் வைக்கிற எண்ணெய் அது. அவள் போர்வையைக் கழற்றி எனக்கு அடியில் கட்டிவிட்டு, விடிகிறதற்குள் அவிழ்த்துப் பையில் திணித்துவிட்டு, ராத்திரி முழுக்க மழைக்கோட்டோடு தும்மிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஆடியில் பெங்களூர் வர வேண்டும் என்று கேட்டவளே அவள்தானே? அவள் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நான் இறங்கியிருப்பேன். ஆமாம், இறங்கியிருப்பேன், உன்னிடம் சொன்னால் என்ன. கையில் விழ இருந்த பழத்தை அவளே திரும்ப மரத்தில் ஒட்டவைத்திருக்கிறாள்!

என்ன தைரியம் அவளுக்கு? என்னை யார் என்று நினைத்தாள்? என் ஆயுசில் நான் எவ்வளவோ பேரை விலையிறக்கியிருக்கிறேன். ஒருவன்கூட நான் கேட்காமல் எனக்கு இறக்கிக் கொடுத்ததில்லை, கொடுக்க விட்டதுமில்லை. நான் அடித்துப் பேசி இறக்கினால் அது வியாபாரம். அவர்களாக இறக்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் பிச்சை. பிச்சையில் வந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு நான் ஷட்டரைத் தூக்கவா? எந்த மூஞ்சியோடு தூக்குவேன்?

இது எந்த ஊர்? பெருமாள்மலையா? இங்கே நிற்குமா? யோவ் கண்டக்டர்! நிறுத்தச் சொல்லு. இறங்கணும்.

“பழனிக்குத்தானம்மா டிக்கெட் எடுத்தீங்க?”

“எடுத்தேன். இப்ப பழனி வேண்டாம். உன்ற வண்டி, உன்ற டிக்கெட், நீயே போய் முருகனைப் பாரு!”

கண்ணு, அந்தக் காலை நகர்த்து, எனக்கு மடங்காது. நாளைக்குக் கடையா? கிடக்கட்டும், ஒருநாள் பூட்டிக் கிடந்தால் சந்தில் யார் அழப்போகிறார்கள். மேலே போகிற வண்டி எது வந்தாலும் ஏறிவிடுவேன். பேரம் செல்லாது என்று அவள் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டும். முதலிலிருந்து பேச வேண்டும். கடையை விடமாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை நான்தான் சொல்ல வேண்டும், அவள் இல்லை. வருஷத்தில் ஒரு மாதம் போய் இருக்கிறேன் என்று சொல்லலாம். அவள் மூன்று மாதம் கேட்பாள். கேட்கட்டும். சத்தம் போட்டுக் கேட்கட்டும். இருட்டில் திருட்டுத்தனமாகக் கொடுக்கிற வேலை என்னிடம் வேண்டாம்.

அதற்கு அவளுக்குத் தொண்டை வேண்டுமே. காலையில் தும்மின தும்மலுக்கு இந்நேரம் குரல் கட்டியிருக்கும். குரல் கட்டினவளோடு சண்டை போட்டு ஜெயித்தால் அதுவும் ஒரு ஜெயிப்பா? முதலில் நல்ல காரமாக ஒரு ரசம் வைத்து ஊற்ற வேண்டும்.

பையைக் கொடு, நசுக்காமல். அதோ, அந்தப் பெட்டிக்கடையில் மலைமிளகுப் பொட்டலம் தொங்குகிறது, பார். என்ன விலை சொல்வான்? சொல்லட்டும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓட வேண்டியதுதான். இன்றைக்கு எனக்குப் பேரம் பேச நேரமில்லை.